ஆநிரையும் தேனீயும் ஒருநிலத்து உறைந்த வரலாறு

நம் சங்கத்து அன்பர்களுள் நிலமும் கால்நடையும் உடையார் பலர். அவர்தம் புதல்வர் சிலர் அண்மைக் காலத்தே தோட்டங்களில் தேனீப்பெட்டி வைத்து வளர்க்க விழைகின்றனர். வீட்டுப் பெரியோரோ, "மாடு கட்டுமிடத்தில் கொட்டும் பூச்சியை வளர்ப்பதாவது!" என்று மறுக்கின்றனர். ஒரே குடும்பத்துள் தந்தையும் மைந்தனும் இதுபற்றி மனம் வேறுபட்டு நிற்பதை யானே கண்டதுண்டு. மைந்தர் பெட்டியின் வருவாயையும், பூக்கள் காய்த்தற்குத் தேனீ புரியும் உதவியையும் எடுத்துக் காட்டுவர். தந்தையர் கட்டுத்தறியில் நிற்கும் பசுவை நினைந்து அஞ்சுவர். இருவர் கூற்றும் மெய்யே. ஆயின் இவ்வழக்கு நம் ஊர்களில் இன்று புதிதாகத் தோன்றியதன்று. ஆநிரை மேயும் நிலத்திலே தேனீயையும் வைத்து வாழ முயன்ற மக்கள் பன்னூறாண்டுகளாக இதனை ஆராய்ந்துளர், சட்டம் செய்துளர், சுவர் எழுப்பியுளர். அவ்வரலாற்றை நம் அன்பர் அறிதல் நலமென்று கருதி ஈண்டு எழுதலானேன்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. எழுதுவோன் தமிழாசிரியன் ஆதலின் இதனைப் பொறுத்தருள்க. தேன் என்னும் சொல் இக்காலத்து இனிய சாற்றினையே குறிப்பினும், பண்டை வழக்கில் அதனைத் திரட்டும் உயிருக்கும் பெயராய் நின்றது. கொண்டி என்னும் சொல்லோ கொள்ளைப் பொருளைக் குறித்தது. அதுவே பின்னர்ப் பிறர் பயிரில் வாய்வைக்கும் மாட்டிற்கும் பெயராயிற்று. அம்மாட்டைப் பிடித்து அடைக்குமிடம் கொண்டித்தொழு. 1871-ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறற் சட்டத்தின் வழியே நம்மவர் ‘பவுண்டு’ என்று வழங்கலான இடமும் அதுவே. மாடு வேலி தாண்டினால் கொண்டியாகும். தேனீ வேலி தாண்டாத நாளே இல்லை. தன் உடையவன் நிலத்தில் அஃது உண்பது சிறிது. அயலான் நிலத்தில் உண்பது பெரிது. அங்ஙனமாயின் அதனையும் கொண்டி எனலாமோ? நகைப்புக்கு உரியதுபோலத் தோன்றும் இவ்வினாவை ஐரோப்பாவின் நீதி நூலார் சிலர் மெய்வருந்தி ஆராய்ந்தனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தேனீயால் கால்நடைக்கு நேரும் தீங்கு எத்தகையது என்பதைத் தெளிந்துகொண்டாலன்றி முன்னோர் செய்த ஏற்பாடுகளின் பொருள் விளங்காது. மேயும் மாட்டைத் தேனீ வலியச் சென்று கொட்டுவதில்லை. பூவில் அமர்ந்த தேனீ தன் தொழிலையே நோக்கும். கூட்டிற்கு ஊறு நேர்ந்ததென்று கருதுமிடத்தே தான் அது போர் தொடங்கும். பாலூட்டும் விலங்கின் தோலிற் பாய்ந்த கொடுக்கு, அதன் முட்கள் தோலில் மாட்டிக்கொள்வதால் மீளாது. தேனீ அதனை இழந்து உயிர்விடும். அங்ஙனம் எஞ்சிய கொடுக்கினின்றும் ஒரு மணம் எழும். அம்மணம் கூட்டிலுள்ள ஏனைத் தேனீக்களுக்குப் போர்ப்பறை போன்றது. அதிலுள்ள தலையாய பொருள் ஐஸோபென்டைல் அஸிடேட் என்பதை 1962-இல் இரசாயன ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். கனிந்த வாழைப்பழத்தின் மணத்தை ஒப்பது அது. எனவே முதற்கொட்டு ஒன்றாயினும் அடுத்தது பத்தாகலாம், நூறுமாகலாம். அவிழ்ந்து நிற்கும் மாடு ஒரு கொட்டுப் பட்டவுடன் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். கயிற்றிற் பிணித்த மாட்டிற்கோ ஓட வழியில்லை. அது துள்ளுந்தோறும் கூட்டின் சினம் மிகும். தீங்கெல்லாம் பெரும்பாலும் இக்கயிற்றின் அளவிலேயே நிகழ்கின்றது. தேனீக்கள் கொட்டிக் குதிரை ஒன்று இறந்துபட்ட செய்தியைக் கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் குறித்துளர். அவர் காலம் கி. மு. நான்காம் நூற்றாண்டு.

இனி வரலாற்றுட் புகுவோம். இன்று துருக்கி நாடு எனப்படும் பகுதியை மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முன் ஆண்ட ஹிட்டைட் மக்களின் சட்டத் தொகுதியில், மாடு திருடினார்க்கும் குதிரை திருடினார்க்கும் தண்டம் விதித்த இடத்தை அடுத்தே தேனீக்கூடு திருடினார்க்கும் தண்டம் காணப்படுகின்றது. இரண்டு மூன்று கூடுகளைக் கவர்ந்தவன் 6 ஷெக்கல் வெள்ளி இறுக்க வேண்டும். முற்காலத்தில் அவனைத் தேனீக்களுக்கே கொட்டக் கொடுத்தனர் என்றும், அவ்வழக்கம் மாற்றப்பட்டது என்றும் அச்சட்டம் கூறுகின்றது. தேனீயைக் கால்நடையோடு ஒருங்கெண்ணும் வழக்கம் இத்துணைப் பழமையுடையது.

யோர்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள தெல் ரெஹோவ் என்னும் மேட்டில் அகழ்ந்தோர், ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமையுள்ள தேனீ வளர்ப்பிடம் ஒன்றை 2007-இல் வெளிப்படுத்தினர். வைக்கோல் கலந்த சுடாத களிமண்ணால் உருளை வடிவிற் செய்த கூடுகள் முப்பதளவு அழியாது கிடைத்தன. அவை வயல்வெளியில் அல்ல, மக்கள் நெருங்கி வாழ்ந்த நகரின் நடுவே இருந்தன என்பது வியப்பு. ஆடுமாடு திரியும் வெளியினும் காவலுடைய நகரமே தக்கதென்று கருதினர் போலும். இது என் கருத்தேயன்றி அகழ்ந்தோர் கூற்றன்று.

அதேன்ஸ் நகரத்து ஸோலன் செய்த சட்டங்களுள் ஒன்று, புதிதாகக் கூடு வைப்போன் பிறன் முன்னரே வைத்த கூடுகளினின்றும் 300 அடி விலகி வைத்தல் வேண்டும் என்பது. இதனைப் புளூடார்க் எழுதிய ஸோலன் சரித்திரத்தால் அறிகின்றோம்.

இத்துறையில் விரிவாக எழுதியோர் ரோமர். அவர்கள் உழவையும் ஆநிரையையும் தேனையும் ஒரே நூலில் வைத்து எழுதும் இயல்பினர். வெர்ஜில் என்னும் மகாகவி உழவு பற்றிப் பாடிய நூலின் நான்காம் பகுதி முற்றும் தேனீயைப் பற்றியது. அதன் தொடக்கத்திலேயே கூடு வைக்கும் இடத்திற்கு அவர் இலக்கணம் வகுக்கின்றார்: காற்று மோதாத இடமாதல் வேண்டும், செம்மறியும் துள்ளும் குட்டியும் பூக்களை மிதியாத இடமாதல் வேண்டும், திரியும் கிடாரி புல்லின் பனித்துளியை உதிர்த்துத் தளிரைத் தேய்க்காத இடமாதல் வேண்டும். இதனைக் கூர்ந்து நோக்குக. நம் பெரியோர் தேனீயால் மாட்டிற்கு வரும் தீங்கினை அஞ்சுகின்றனர். கவியோ மாட்டால் தேனீக்கு வரும் தீங்கினை முன்வைத்தார். மேய்ச்சல் மிகுந்த நிலத்தில் பூ மிகாது. ஆடு கடித்த செடியில் அவ்வாண்டு தேன் இராது. இவ்வுண்மையைத் தேனீ வளர்க்கப் புகுவோர் முதலில் உணர்தல் வேண்டும்.

கொலுமெல்லா என்பார் கி. பி. முதல் நூற்றாண்டில் உழவு நூல் செய்தவர். ஆரவாரமற்ற உரைநடையில், செய்து பார்த்தவன் கூறுமாறு கூறுவார். கூடு வைக்குமிடம் உடையவன் கண்பார்வையில் இருத்தல் வேண்டும். மக்களும் கால்நடைகளும் கூடும் ஆரவாரத்தினின்றும் விலகியிருத்தல் வேண்டும் என்பது அவர் விதி. நிலத்திற் படியக் கூடு வைத்தலை அவர் உடன்படவில்லை. மூன்றடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள கல்திண்ணை கட்டி, ஓணானும் பாம்பும் ஏறாதபடி வழவழப்பாகப் பூசி, அதன்மேல் வைக்க வேண்டும் என்றார். கூடு செய்யும் பொருள்களையும் ஒவ்வொன்றாக ஆராய்கின்றார். தக்கை மரப்பட்டை சிறந்தது. மட்கலம் கோடையில் வேகும், பனியில் குளிரும், ஆதலின் இழிந்தது. சாணத்தாற் செய்த கூடும் அக்காலத்து உண்டு. ஆனால் எளிதில் தீப்பற்றும் என்று அது பழிக்கப்பட்டது. செங்கல்லாற் கட்டியது தீப்பற்றாது. எனினும் வேண்டியபோது தூக்கிச் செல்ல இயலாது.

மாட்டிற்கும் தேனீக்கும் பகையே உள்ளதென்று எண்ணற்க. ஸிடிஸஸ் என்றொரு செடியை ரோமர் பெரிதும் போற்றினர். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடி அது. ஆடு, மாடு, கோழி யாவற்றிற்கும் அதன் தழை உணவு. தேனீக்கு அதன் பூ உணவு. அச்செடி உள்ள இடத்தில் தேனீ ஒருநாளும் குறைவுபடாது என்று பண்டையோர் கூறியதைப் பிளினி எடுத்தெழுதினார். ஒரே செடியை இருதிறத்திற்கும் நட்டு, ஆடு எட்டும் பக்கத்தை ஆட்டிற்கும் எஞ்சியதைத் தேனீக்குமாக விட்டுவைத்தல் எத்துணை நல்ல ஏற்பாடு! வர்ரோ என்பார் தம்மொடு போர்ச்சேவகம் செய்த சகோதரர் இருவரைப் பற்றிக் கூறுகின்றார். அவர்க்குத் தந்தை வைத்துச் சென்றது ஒரு சிறு வீடும் ஒரு யூகெரம் நிலமும். நம் கணக்கில் அது 62 சென்ட் அளவேயாகும். அவர்கள் வீட்டைச் சுற்றிலும் தேனீக்கூடு வைத்து, எஞ்சிய நிலத்தில் ஸிடிஸஸ் முதலான செடிகளை நட்டு, ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் ஸெஸ்டர்ஸ் குறையாமல் தேனால் ஈட்டினர். விலை ஏறும்வரை பொறுத்து விற்றனர் என்பதையும் வர்ரோ குறிக்கத் தவறவில்லை. நம் வியாபாரிகள் மகிழ்வர்.

ரோமரிடத்துப் பிழைபட்ட கொள்கையும் ஒன்று உண்டு. இறந்த எருதின் உடலினின்றும் தேனீக்கள் தோன்றும் என்று அவர் நம்பினர். வெர்ஜிலும் அதனை விரித்துப் பாடினார். அழுகலில் முட்டையிட்டுப் பெருகும் ஈ வகை ஒன்று தேனீயின் தோற்றமே உடையது. அதனையே பண்டையோர் தேனீ என மயங்கினர் என்று ஆஸ்டன் ஸாக்கன் என்னும் அறிஞர் 1894-இல் விளக்கினார். பசுவையும் தேனீயையும் பிறப்பாலேயே இணைத்துவிட்ட இக்கதை பொய்யாயினும் இனிது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். தேனீ இயல்பால் காட்டுயிர் என்பது ரோமர் முடிபு. கி. பி. 533-இல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி வெளியிட்ட சட்டநூலின்படி, ஒருவன் கூட்டினின்றும் பிரிந்து பறந்த தேனீத்திரள் அவன் கண்ணுக்குத் தெரியும்வரை, தொடர்ந்து பிடித்தற்கு அரிதாகாதவரை, அவனுடையது. அதன்பின் பிடித்தவன் உடைமை. மாட்டிற்கு இவ்விதி இல்லை. எத்துணைத் தொலைவு போயினும் மாடு உடையவன் மாடே. அங்ஙனமாயின் தேனீ அயலான் நிலத்திற்குச் சென்ற வேளையில் அவன் அதனைக் கொளுத்திக் கொன்றால் ஈடு கேட்கலாமோ? கேட்க இயலாது, அடைபடாத உயிர் உடைமையாகாது என்றார் புரோகுலஸ் என்னும் நீதி நூலார். ஸெல்ஸஸ் என்பார் இதனை மறுத்தார்: புறாவும் கைவிட்டுப் பறக்கின்றது, ஆயினும் வீடு திரும்புகின்றது, தேனீயும் அத்தகையதே, ஆதலின் ஈடு உண்டு என்றார். மீளும் இயல்பே உடைமைக்குச் சான்று என்னும் இவ்வாதம் எனக்கு மிகவும் உடன்பாடு. மாலையில் தானே தொழுவம் திரும்பும் பசுவை நாம் வேறெவ்வாறு நம்முடையதென்கின்றோம்?

அந்நாளைச் சொற்பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்க்கென அமைத்த கற்பனை வழக்கொன்றும் நமக்குக் கிடைத்துள்ளது. ஏழை ஒருவன் தேனீ வளர்த்தான். அயலிலிருந்த செல்வன், தன் பூக்களை அவை கெடுக்கின்றன, வேறிடம் கொண்டுபோ என்றான். ஏழை இசையவில்லை. செல்வன் தன் பூக்களில் நஞ்சு தெளித்தான். தேனீக்கள் யாவும் மடிந்தன. ஏழைக்காக வழக்குரைக்கும் அவ்வுரை குவின்டிலியன் பெயரால் வழங்குவது. அவர் எழுதியதன்று என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. பூத்த பயிரில் பட்டப்பகலில் பூச்சிமருந்து அடிப்பதால் தேனீப்பெட்டி பாழாவதைக் கண்ட நம் அன்பர், இக்கற்பனை ஈராயிரமாண்டுப் பழமையுடையதாயினும் இதிலுள்ள துன்பம் பழமையாகவில்லை என்பதை உணர்வர்.

இத்துறையில் எல்லாரினும் நுண்ணியராய் ஆராய்ந்தவர் அயர்லாந்துத் தீவின் பண்டை நீதிமான்கள். அந்நாட்டில் அக்காலத்துச் செல்வமென்பது பசுவே. தண்டம், சீதனம், கடன் யாவும் பசுவின் மதிப்பாலேயே அளக்கப்பட்டன. ஆதலின் ஒருவன் பசு மற்றொருவன் நிலத்தில் மேய்ந்தால் என்ன ஈடு என்பதை அவர்தம் சட்டங்கள் பருவம்வாரியாகவும் நிலம்வாரியாகவும் வகுத்திருந்தன. கி. பி. ஏழாம் நூற்றாண்டில் அங்கே பெக்ப்ரெதா என்றொரு சட்டநூல் எழுந்தது. ‘தேனீத் தீர்ப்புகள்’ என்பது அதன் பொருள். இதன் செம்பதிப்பு ஆங்கில மொழிபெயர்ப்போடு 1983-இல் வெளிவந்தது.

அந்நூலார் தொடங்கிய இடம் நாம் முன்னர் எழுப்பிய வினாவே. அயலான் புல்லை மேய்ந்த பசுவுக்கு ஈடு உண்டெனில், அயலான் பூவை மேய்ந்த தேனீக்கும் ஈடு உண்டன்றோ? உண்டு என்றே அவர் முடிவு செய்தனர். ஆயின் தேனீயைத் தொழுவில் அடைத்தல் இயலாது. எது எவன் கூட்டினது என்று அறிதலும் அரிது. எனவே அவர் ஒரு நடுவழி கண்டனர். கூடு வைத்தவனுக்கு முதற்சில ஆண்டுகள் விலக்களித்து, கூட்டம் பெருகிய பின்னர், அதனின்றும் பிரியும் புதுத்திரள்களில் சுற்றியுள்ள நிலத்தார்க்குப் பங்கு உரியதாக்கினர். இதன் பயனைச் சிந்தியுங்கள். அயலானும் தேனீ உடையவனாகின்றான். உடையவன் ஆனபின் அவன் முறையிடுவது யாரை நோக்கி? பகைக்குக் காரணமானதையே பங்காக்கிப் பகையை அடக்கினர். மாட்டு வழக்கில் தண்டமாக நின்ற விதி தேனீ வழக்கில் உறவாக மாறிற்று. என் சிற்றறிவிற்கு இதனினும் மேலான கிராம நீதி ஒன்று புலப்படவில்லை.

கொட்டுக்கும் விதி செய்தனர். கொட்டுப்பட்டவன் அத்தேனீயைக் கொல்லாதிருந்தால், ஒருவன் வயிறார உண்ணும் அளவு தேன் அவனுக்கு ஈடு. கண் போனால் ஈடு ஒரு கூடு. ஊரிற் பலர் கூடு வைத்திருக்க, கொட்டியது எவன் தேனீ என்பதை எங்ஙனம் துணிவது? கூடுகள் அனைத்திற்கும் குடவோலை போலச் சீட்டுக் குலுக்கி, எதன்மேல் விழுகின்றதோ அதனைக் கொடுக்க என்றனர். இதனைப் படித்தபோது யான் நகைத்தேன். பின்னர் எண்ணிப் பார்க்குங்கால், சான்று கிடைக்கவொண்ணாத வழக்கில் எல்லாரையும் சமமாகப் பிணிக்கும் வழி வேறில்லை என்று தோன்றிற்று. இச்சட்டத்திற்கு அந்நூலே ஒரு கதை கூறும்: கோங்கல் என்னும் வேந்தன் தேனீ கொட்டி ஒரு கண்ணிழந்தான். அங்கக் குறையுடையான் அரியணைக்கு உரியனல்லன் என்பது அந்நாட்டு மரபாதலின் தாரா என்னும் தலைமை அரசை இழந்தான். அவன் 637-இல் மாக் ராத் என்னுமிடத்துப் போரில் மாண்டான் என்பது சரித்திரம்.

பிற்காலத்து ஐரோப்பாவில் வைக்கோற் புரியால் மூட்டைபோற் பின்னிய கவிழ்கூடுகள் வழங்கின. அவற்றின் மேல் பசுஞ்சாணத்தைச் சுண்ணாம்பு அல்லது சாம்பலொடு குழைத்துப் பூசுவர். இலேசான இக்கூட்டினை ஓர் ஆடு முட்டினும் உருட்டிவிடும். மழையும் காற்றும் கெடுக்கும். ஆதலின் பிரிட்டன் நாட்டில் தோட்டத்துக் கற்சுவர்களில், நம் வீடுகளில் விளக்குமாடம் அமைப்பது போல, வரிசையாக மாடங்கள் அமைத்து அவற்றுள் இக்கூடுகளை வைத்தனர். இத்தகைய மாடங்கள் ஆயிரத்திற்கு மேற்பட்ட இடங்களில் எஞ்சியிருப்பதை 1952 முதல் எண்ணிப் பதிந்து வருகின்றனர். ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மலைகளில் கரடிக்கு அஞ்சி ஆளுயரத்திற்கு மேற்பட்ட வட்டமதில் கட்டி அதனுள்ளே கூடு வைத்தனர். கென்யா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிலோ குடைந்த மரத்துண்டைக் கூடாக்கி, உயர்ந்த கிளையிற் கட்டித் தொங்கவிட்டனர். கீழே ஆநிரை மேயும். மேலே தேனீ உறையும். ஒருநிலத்தையே மாடியும் தளமுமாகப் பகுத்துக்கொண்ட இவ்வழக்கம் இன்றும் உண்டு.

அமெரிக்க நாட்டுப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் 1851-இல், தேனீக்கள் தாம் நடமாடுதற்கென விட்டுவைக்கும் சிறு இடைவெளியின் அளவை உணர்ந்து, சட்டங்களைத் தனித்தனியே எடுக்கத்தக்க பெட்டியை அமைத்தார்; மறு ஆண்டு உரிமை பெற்றார். அதற்குமுன் தேனெடுப்பதாவது கூட்டைச் சிதைப்பது. சிதைத்தால் சினம், சினத்தால் அயலில் நின்ற மாட்டிற்கு அழிவு. இப்போது அடையை உடையாமல் எடுத்து உடையாமல் வைக்கலாயிற்று. குவின்பி என்பார் 1870-ஐ அடுத்த ஆண்டுகளில் துருத்தி பொருந்திய புகைக்கருவியைச் செய்தார். மெல்லிய புகை, போர்ப்பறையாகிய அம்மணத்தைத் தேனீ உணராதவாறு தடுக்கின்றது. இவ்விரண்டுமே மேய்ச்சல் நிலத்தில் தேனீ வளர்ப்பினை எளிதாக்கின.

நியூஸிலாந்து நாட்டில் ஆங்கிலேயர் குடியேறி மாட்டிற்கெனச் செந்நிறக் குளோவர் பயிரிட்டனர். பயிர் தழைத்தது, விதை பிடிக்கவில்லை. அதன் நீண்ட பூக்குழலில் நாவெட்டும் பெருவண்டு அங்கில்லாமையே காரணமென்று தெளிந்து, 1885-இல் இங்கிலாந்தினின்றும் அவ்வண்டுகளைக் கப்பலில் வருவித்து விட்டனர். விதை பிடித்தது. பூச்சியின்றிப் புல்வளமும் இல்லை என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டா.

பிரேஸில் நாட்டில் நிகழ்ந்ததோ துயரக்கதை. வெப்பநாட்டிற்கு ஏற்ற இனம் வேண்டி, கெர் என்னும் அறிஞர் 1956-இல் ஆப்பிரிக்கத் தேனீ அரசிகளைக் கொணர்ந்தார். மறு ஆண்டு 26 திரள்கள் தப்பிப் பறந்தன. அவை அந்நாட்டிலிருந்த சாதுவான ஐரோப்பிய இனத்தோடு கலந்து பெருகி, ஆண்டுதோறும் வடக்கு நோக்கி நகர்ந்து, 1990-இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்தை எட்டின. சென்றவிடமெல்லாம் கட்டியிருந்த மாடும் குதிரையும் அடைத்திருந்த கோழியும் இரையாயின. எனினும் பிரேஸில் மக்கள் தேனீத் தொழிலைக் கைவிட்டாரில்லை. வீட்டிற்கும் தொழுவத்திற்கும் அருகிருந்த பெட்டிகளைத் தொலைவான காட்டோரங்களுக்கு மாற்றினர். தடித்த உடையும் பெரிய புகைக்கருவியும் கொண்டனர். தொழில் முன்னையினும் ஓங்கிற்று.

இனி நம் நாட்டினை நோக்குவோம். இங்கே தேனீ ஓரினமன்று. பாறையிலும் உயர்மரத்திலும் ஒற்றைப் பேரடை கட்டுவது மலைத்தேனீ. புதர்க்கொம்பில் சிற்றடை கட்டுவது கொம்புத்தேனீ. பொந்துகளிற் பல அடைகளை அடுக்கிக் கட்டுவது அடுக்குத்தேனீ. கொடுக்கற்றது கொசுத்தேனீ. இவற்றுள் பெட்டியில் வளர்வன பின்னிரண்டே. பெரியோர் கண்டும் கேட்டும் அஞ்சுகின்ற தீங்குகள் பெரும்பாலும் மலைத்தேனீயால் விளைந்தவை. அதன் அடையைத் தேன்பருந்து தாக்கும்போது கீழே நிற்கும் ஆளும் மாடும் அச்சினத்திற்கு ஆளாவர். அத்தேனீயை எவரும் பெட்டியில் அடைப்பதில்லை. அடுக்குத்தேனீ சாதுவானது, வாயிலிலே வலியச் சென்று இடித்தாலன்றிப் போருக்கு எழுவது அரிது. தந்தையர் அஞ்சுவது ஒன்று, மைந்தர் வளர்க்க விழைவது மற்றொன்று என்பது இதனாற் புலனாம்.

அடுக்குத்தேனீயின் அளவிற்கேற்பச் சிறிய பெட்டியை வகுத்தவர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலிருந்த நியூட்டன் பாதிரியார். 1911 முதல் 1917 வரை அவர் பலர்க்கும் இத்தொழிலைப் பயிற்றினார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பின்னர் 1920-ஐ அடுத்த ஆண்டுகளில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்திய கிராமப்பணி நிலையத்தால் அது தென்னந்தோப்புத்தோறும் பரவிற்று. தோப்பில் பசுவும் உண்டு, பெட்டியும் உண்டு. ரப்பர் மரம் தளிர்க்கும் பருவத்தில் இலைக்காம்பிற் சுரக்கும் தேனை நாடிப் பெட்டிகளைத் தோட்டத்திற்கு எடுத்துச் செல்வது அப்பகுதியார் வழக்கம். 1991-இலும் 1992-இலும் தாய்லாந்துப் பைப்புழு நோய் பரவித் தென்னாட்டு அடுக்குத்தேனீக் கூட்டங்களுள் மிகப்பல அழிந்தன. அதன்பின் சிலர் இத்தாலியத் தேனீயைக் கொண்டுவந்தனர். இந்தியாவில் அவ்வினம் நிலைபெற்றது 1962 முதல் வடக்கே பஞ்சாப், இமாசலப் பகுதிகளில். அதன் கூட்டம் பெரிது. ஆதலின் காவலும் மிகுதியாக வேண்டும்.

பெட்டிக்கும் கட்டுத்தறிக்கும் இடையே எத்துணை அடி வேண்டும் என்று அன்பர் வினவலாம். நிலமும் மறைப்பும் இனமும் வேறுபடுதலின் ஒரே எண் கூறுதல் பொருந்தாது. ஆயினும் பெட்டி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாட்டைப் பிணித்தல் ஒருபோதும் கூடாது என்பது எல்லா நாட்டார்க்கும் பொதுவான முடிபு. அவிழ்த்து மேய்க்கும் மாட்டிற்கு அச்சம் குறைவு. மாடு முதுகு சொறியத் தூணைத் தேடும். பெட்டியின் தாங்கி அதற்கு வாய்ப்பான தூணாகிவிடும். வெள்ளாடோ பெட்டியின்மேல் ஏறி நின்றே தழை எட்டும். எனவே மாட்டின் கழுத்து எட்டாத தொலைவில் சுற்றிலும் வேலி வேண்டும். கிளுவை முதலியவற்றால் ஆளுயர உயிர்வேலி அமைப்பின் இருபயன் உண்டு: விலங்கு நுழையாது, தேனீயும் வெளியேறும்போதே மேலெழுந்து மாட்டின் தலைக்கு மேலாகப் பறக்கும். வாயில் மாடு செல்லும் தடத்தை நோக்காதிருத்தல் வேண்டும். வேனிலில் தேனீ நீர் தேடி மாட்டுத் தொட்டிக்கு வரும். நீர் குடிக்கும் மாட்டின் மூக்கில் கொட்டு நேர்வது அங்கேதான். பெட்டிக்கு அருகே தட்டையான கலத்தில் கூழாங்கல் இட்டு நீர் வைத்து, அது வற்றாமற் காத்தால் தொட்டியை நாடாது. உண்ணிக்கு மருந்து தெளித்தலும் பெட்டிப் பக்கம் ஆகாது. பெட்டியைத் திறக்கும் வேளையில் ஆடுமாடு வேறு நிலத்தில் இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்தும் கொட்டு நேர்ந்துவிடின், முதலிற் செய்வது கயிற்றை அவிழ்ப்பது. அவிழ்க்க இயலாதெனின் அறுப்பது. செல்வோன் முகத்தைத் துணியால் மறைத்துக்கொள்க. மாட்டை இருண்ட கொட்டகைக்கு ஓட்டிவிட்டால் தேனீ தொடர்ந்து வருவது குறையும். கண்ணிமையிலும் மூக்கிலும் வாயினுள்ளும் கொட்டியிருந்தால் காலம் தாழ்த்தாது கால்நடை மருத்துவரை அழைக்க. மூச்சுக்குழல் வீங்கினால் நாழிகைக் கணக்கில் உயிர் போகும். தாங்கியின் கால்களில் எறும்பிற்கென நீர்க்கிண்ணம் வைப்பவர், அந்நீரை நாடி ஆட்டுக்குட்டி வரக்கூடும் என்பதை எண்ணி, கிண்ணத்தின் வாயைக் குறுக்கியே அமைக்க.